அடுத்த லென்ஸ் எது? முதலில் எங்கே நிற்கப் போகிறீர்கள்?

தங்கச்சி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். உங்களிடம் நிக்கோன் டி3500 கமராவும் அதோடு சேர்ந்து வந்த 18–55 மில்லிமீற்றர் லென்ஸும் இருக்கின்றன (இந்த எண் கூடக் கூடக் காட்சி குறுகி, தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்). ஒரு வருடமாகச் சேர்த்த காசில் இன்னொரு லென்ஸ் வாங்க வேண்டும். திருகோணமலையில் கோணேசர் கோயில், கோட்டைக்குள் திரியும் மான்கள், கரைவலை இழுக்கிறவர்கள், கடலில் திமிங்கிலம், வீட்டில் அம்மம்மா என்று எல்லாவற்றையும் எடுக்க ஆசை. கடைக்காரர் 70–300 வாங்கச் சொல்கிறார், மச்சாள் 50 வாங்கச் சொல்கிறார். எது சரி?

நேரே சொல்கிறேன்: 35 மில்லிமீற்றர், எஃப் 1.8 (எஃப் என்பது வெளிச்சம் புகுகிற துளையின் கணக்கு, கீழே சொல்கிறேன்). அதற்குப் பிறகு, காசு சேர்ந்தால், 70–300. 50 உங்களுக்கு இப்போது வேண்டாம். இந்த ஊரில் கல்யாண வீடு, சாமத்திய வீடு, திருவிழா என்று இருபது வருடத்துக்கு மேலாகப் படம் எடுக்கிறேன். லென்ஸ் வாங்கக் காசு சேர்க்கிற கஷ்டமும் தெரியும். அதனால் காரணத்தையும் விரிவாகச் சொல்கிறேன். காரணம் பிடிபட்டால் அடுத்த தடவை யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

லென்ஸ் என்றால் தூரத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவரும், அல்லது நிறைய இடத்தை உள்ளே அடக்கும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. படத்தில் எது பெரிதாகத் தெரிய வேண்டும், எது சின்னதாகத் தெரிய வேண்டும், எதற்குப் பின்னால் எது வர வேண்டும் என்பதெல்லாம் நீங்கள் நிற்கிற இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. அங்கிருந்து தெரிகிற காட்சியில் எவ்வளவை வெட்டி எடுப்பது என்பதுதான் லென்ஸுக்கு மிஞ்சிய வேலை.

இதை நீங்களே செய்து பார்க்கலாம், புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. ஒரு பின்னேரம் தம்பியைக் கூட்டிக்கொண்டு டச்பே கடற்கரைக்குப் போங்கள். கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலை பின்னால் தெரிகிற மாதிரி அவரை நிறுத்துங்கள். லென்ஸை 18இல் வைத்து, தலையிலிருந்து இடுப்பு வரை பிரேமை நிரப்பும் அளவுக்குக் கிட்டப் போய் ஒரு படம் எடுங்கள். ஒரு மீற்றர் தூரத்தில் நிற்பீர்கள். பிறகு 55க்குத் திருப்பி, தம்பி அதே அளவில் வரும்வரை பின்னால் நடந்து இன்னொரு படம். இப்போது மூன்று மீற்றர் தூரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தம்பியின் அளவு மாறியிருக்காது. மலை மட்டும் முதல் படத்தில் தோளுக்குப் பின்னால் ஒரு சின்ன மேடாகக் கிடக்கும், இரண்டாவதில் மூன்று மடங்கு பெரிதாக எழும்பி நிற்கும்.

இனி மூன்றாவது படம். பலர் இதைச் செய்து பார்ப்பதில்லை. 55க்கு நின்ற அதே இடத்தில் அசையாமல் நின்று, லென்ஸை 18க்குத் திருப்பி எடுங்கள். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தின் நடுப்பகுதியை வெட்டி, தம்பி பழைய அளவுக்கு வரும்வரை பெரிதாக்குங்கள். தெளிவு குறைந்திருக்கும். ஆனால் தம்பிக்கும் மலைக்கும் உள்ள அளவு வித்தியாசம் 55இல் எடுத்ததைப் போலவே இருக்கும். மலையைப் பெரிதாக்கியது நீங்கள் பின்னால் நடந்த அந்த ஆறேழு அடிதான்.

முகத்திலும் இதே சங்கதிதான் நடக்கிறது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையில் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர் இருக்கும். கமராவை 40 சென்ரிமீற்றரில் பிடித்தால் மூக்கு 40இல், காது 52இல். காதோடு ஒப்பிட்டால் மூக்கு முப்பது வீதம் ஊதித் தெரியும். இரண்டு மீற்றர் தள்ளி நின்றால் 200க்கும் 212க்கும் உள்ள வித்தியாசம் ஆறு வீதம்தான், கண்ணுக்கே படாது. போனில் கையை நீட்டி எடுத்த செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிவது இதனால்தான். ஆகவே அம்மம்மாவின் முகத்துக்கு ஒன்றரை மீற்றரிலிருந்து இரண்டு மீற்றர் வரை தள்ளி நில்லுங்கள். அந்த இடத்தைப் பிடித்த பிறகு, அங்கிருந்து எவ்வளவு வேண்டும் என்று பார்த்து லென்ஸை எடுங்கள்.

இங்கேதான் 50 உங்களுக்கு இடைஞ்சல் தரும். ஒரு சின்னக் கணக்கு. லென்ஸின் மில்லிமீற்றரை ஆளின் உயரத்தால் பெருக்கித் தூரத்தால் வகுத்தால், சென்சரில், அதாவது கமராவுக்குள் படம் பதிகிற தகட்டில், விழுகிற உருவத்தின் அளவு வரும். உங்கள் சென்சர் 23.5க்கு 15.6 மில்லிமீற்றர். கமராவை நிமிர்த்திப் பிடித்து, ஒருவரைத் தலை முதல் கால் வரை, மேலே கீழே கொஞ்சம் இடம் விட்டு 1.8 மீற்றர் உயரமாக எடுக்க வேண்டுமென்றால் 50 லென்ஸுக்கு 3.8 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். எங்கள் வீட்டு அறைகள் பத்தடிக்குப் பத்தடி, அதாவது மூன்று மீற்றர். அதற்குள் கட்டில், அலுமாரி, தையல் மெஷின். சுவரில் முதுகு முட்டி நின்றாலும் அம்மம்மாவின் கால் வெட்டுப்படும். 35 என்றால் 2.7 மீற்றர் போதும், கதவு நிலையில் நின்றே எடுத்துவிடலாம். கதிரையில் இருக்கிறவரை அரையளவில் எடுக்க ஒன்றரை மீற்றர். முகத்துக்குச் சொன்ன தூரமும் அதுதான், கவனித்தீர்களா?

மச்சாள் சொன்னதிலும் பிழையில்லை. பெரிய சென்சர் உள்ள, அதாவது 36க்கு 24 மில்லிமீற்றர் சென்சர் உள்ள கமராவில் 50 அருமையான லென்ஸ். உங்கள் சென்சர் சின்னது என்பதால் எந்த லென்ஸையும் 1.5ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 50 உங்களிடம் 75 போலக் குறுகிப்போகும். 35 தான் அங்கே 50 செய்கிற வேலையை உங்களுக்குச் செய்யும்.

அப்புறம் வெளிச்சம். எஃப் எண் என்பது லென்ஸின் மில்லிமீற்றரை அதன் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது. எண் சிறிதானால் துளை பெரிது. உங்கள் 18–55ஐ 35க்குத் திருப்பினால் ஏறக்குறைய எஃப் 4.5க்குக் கீழே போகாது. 35 லென்ஸின் 1.8 அதைவிட ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். வெள்ளிக்கிழமை பின்னேரம் சாமியறையில் குத்துவிளக்கு மட்டும் எரிய, அம்மம்மா தேவாரம் படிக்கிறார் என்று வையுங்கள். இப்போதுள்ள லென்ஸில் படம் பதிகிற நேரம் 1/20 செக்கன் வருகிற இடத்தில், வேறு எதையும் மாற்றாமல் 1/125 வரும். அவர் தாளம் போட்டுத் தலையை ஆட்டினாலும் கண் கண்ணாகவே இருக்கும். பிளாஷ் அடித்தால் விளக்கின் மஞ்சள் செத்துப்போகும், அறை ஆஸ்பத்திரி அறை மாதிரி ஆகிவிடும். பிளாஷை மறந்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எஃப் 1.8இல் ஒரு மீற்றரில் நின்று எடுத்தால் தெளிவாக வருகிற ஆழம் ஆறு சென்ரிமீற்றர் அளவுதான். கிட்ட இருக்கிற கண்ணில் போகஸ் பிடித்தால் காது கலங்கிவிடும். ஒருவரை எடுக்கும்போது அது வடிவு. இரண்டு வரிசையில் சொந்தக்காரர் நிற்கிற படத்துக்கு எஃப் 5.6க்குப் போங்கள்.

கோட்டை மான்களுக்கும் பலர் பெரிய லென்ஸ்தான் வேண்டும் என்று நினைக்கிறார்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோயிலுக்கு ஏறுகிற வழியில் ஆட்களுக்குப் பழகிய புள்ளிமான்கள் நிற்கும், நாலைந்து மீற்றருக்குள் நின்று புல் மேயும். அதை 300இல் எடுத்தால் ஒரு மானின் முகமும் பச்சை நிறக் கலங்கலும் வரும். அந்த முகத்தை எந்தக் காட்டிலும் எடுக்கலாம். 35இல் எடுத்தால் மான், அதற்கு மேலே ஆலமரத்தின் விழுது, பின்னால் பழைய சுவர், அர்ச்சனைத் தட்டோடு நடந்து போகிற ஒருவர், எல்லாம் ஒன்றாக வரும். திருகோணமலை மான் என்று பார்த்தவுடனே தெரிகிற படம் அது.

தேருக்கு உங்கள் பழைய 18ஏ போதும். பத்திரகாளி அம்மன் தேர் நாளில் சனத்துக்குள் பின்னால் போக இடமே கிடையாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 18இல் ஓரத்தில் நிற்கிறவர்கள் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிவார்கள். வயதானவர்களை நடுவுக்கு எடுங்கள். கோபுரத்தை அடியில் நின்று கமராவை அண்ணாந்து எடுத்தால் அது பின்னால் சாய்கிற மாதிரி வரும். முடிந்தவரை பின்னால் போய்க் கமராவை மட்டமாகப் பிடித்தால் நேராக நிற்கும். கோயிலுக்குள் எடுக்க முதல் கேட்டுவிட்டு எடுங்கள். கன்னியா வெந்நீர் ஊற்றின் ஏழு கிணறுகளுக்கும் 18 தான், ஒரு கட்டுக்குக் கிட்டக் குனிந்து.

கரைவலையை ரோட்டோரம் நின்று சூம் பண்ணி எடுத்த படங்கள் நிறையப் பார்க்கிறேன். எல்லாம் ஒரே மாதிரி: குனிந்த முதுகுகள், ஒரு கயிறு, கொஞ்சம் கடல். அது இழுக்கிறவர்களை வேலிக்கு வெளியே நின்று பார்க்கிற படம். முதலில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேளுங்கள், இழுக்கிறவர்களோடு நாலு வார்த்தை கதையுங்கள், ஒருமுறை நீங்களும் கயிற்றில் கை வையுங்கள். பிறகு 35ஐப் பூட்டிக்கொண்டு கயிற்றுப் பக்கமாகவே நில்லுங்கள். இரண்டு மீற்றரில் ஒரு கை, உப்பில் வெடித்த விரல்கள், கயிற்றிலிருந்து சொட்டுகிற தண்ணீர். அந்தக் கைக்குப் பின்னால் அடுத்தவர், அவருக்குப் பின்னால் அடுத்தவர் என்று கடல் வரைக்கும் வரிசை சின்னதாகிக்கொண்டே போகும். கிட்ட நிற்பதால் முன்னால் உள்ள கை பெரிதாகி, அந்த இழுவையின் பாரம் படத்தில் தெரியும். மீன் அடைபட்ட வலையின் மடி கரைக்கு வருகிற நேரம் எல்லோரும் ஓடுவார்கள், அப்போது மட்டும் வழியை விட்டு விலகுங்கள்.

எங்களுக்குச் சூரியன் கடலில்தான் உதிக்கிறது. விடியற்காலை வலை இழுக்கும்போது வெளிச்சம் நேரே லென்ஸுக்குள் விழும். லென்ஸ் மூடியைப் போல முன்னால் பூட்டுகிற அந்தக் கறுப்புக் குழாயைக் கட்டாயம் பூட்டுங்கள். முன்கண்ணாடியில் உப்புத் தூசி படிந்திருந்தால் படம் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளிறிவிடும். ஆகவே துடைத்துவிட்டு எடுங்கள். இன்னொன்று, இது கண்ணுக்கு: 300 பூட்டிய கமராவின் கண்ணாடிக்குள்ளால் சூரியனை ஒருபோதும் பார்க்காதீர்கள். டி3500இல் லென்ஸுக்குள் வருகிற வெளிச்சம் அப்படியே உங்கள் கண்ணுக்குள் வரும்.

இனி 70–300. அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது தவிர வேறெதுவும் உதவாத இரண்டு படங்கள் இந்த ஊரில் இருக்கின்றன.

ஒன்று, மலைக்குப் பின்னால் எழும்புகிற முழு நிலவு. வானத்தில் நிலவின் அகலம் அரைப் பாகைதான். லென்ஸின் மில்லிமீற்றரை 108ஆல் வகுத்தால் சென்சரில் நிலவின் அளவு வரும். 55க்கு அரை மில்லிமீற்றர். 15.6 மில்லிமீற்றர் உயரத்தில் அது முப்பதில் ஒரு பங்கு, ஒரு பொட்டு. 300க்கு 2.8 மில்லிமீற்றர், ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அது நிலவாகத் தெரியும்.

ஆனால் பெரிய லென்ஸோடு கோயிலடிக்குப் போனால் படம் கிடைக்காது. அதே 108 இங்கேயும் வருகிறது, இப்போது நிற்கிற தூரத்தை அதால் வகுக்க வேண்டும். நூறு மீற்றரில் நின்றால் ஒரு மீற்றருக்கும் குறைவான பொருளின் அளவுக்குத்தான் நிலவு நிற்கும். ஒரு கிலோமீற்றர் தள்ளிப் போனால் ஒன்பது மீற்றர் உயரமான பொருளின் அளவுக்கு நிலவு நிற்கும். தூரப் போகப் போகக் கோயில் சிறுக்கும், நிலவு அப்படியே இருக்கும். ஆகவே மலை கிழக்கே தெரிகிற கரையில், முடிந்தவரை தூரத்தில், முக்காலியோடு நில்லுங்கள். நிலவு ஒவ்வொரு மாதமும் ஒரே இடத்தில் எழும்பாது. மார்கழி, தையில் முழு நிலவு கிழக்குக்கு வடக்கே தள்ளி எழும்பும், ஆனி, ஆடியில் தெற்கே தள்ளி எழும்பும். போன் செயலியில் திசையைப் பார்த்துவிட்டு இடத்தைத் தெரிவு செய்யுங்கள். பௌர்ணமிக்கு முதல் நாளில் எடுப்பதுதான் எனக்குப் பிடிக்கும். அன்று நிலவு சூரியன் மறைய முன்னரே எழும்பிவிடும், பாறையிலும் கடலிலும் வெளிச்சம் மிச்சம் இருக்கும். மறுநாள் என்றால் கறுப்பு மலையும் வெள்ளை வட்டமும்தான்.

இரண்டாவது, திமிங்கிலம். எங்கள் கரைக்குக் கிட்டவே கடலுக்கடியில் ஆழமான பள்ளத்தாக்கு இருப்பதால் நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் இவ்வளவு கிட்ட வருகின்றன. பங்குனி தொடக்கம் ஆவணி வரை கடல் அடங்கியிருக்கும்போது படகில் போவார்கள். படகு நூறு மீற்றர் தள்ளி நிற்க வேண்டும், அதை ஓட்டுநரிடம் நீங்களே சொல்லுங்கள். நல்ல படத்துக்காக அதைத் துரத்த வேண்டாம். நூறு மீற்றரில் நாலு மீற்றர் அகலமான வால் 55இல் 2.2 மில்லிமீற்றர், பிரேமின் பத்தில் ஒரு பங்கு. 300இல் 12 மில்லிமீற்றர், பாதிப் பிரேம். இங்கே கிட்டப் போக வழியில்லை, போகவும் கூடாது. ஆகவே லென்ஸ்தான் போக வேண்டும். படகு ஆடும், வாலும் அசையும், அதனால் 1/1000 செக்கன் அல்லது அதைவிட வேகமாக எடுங்கள்.

வருடத்தில் எத்தனை நாள் படகு ஏறுவீர்கள், எத்தனை நாள் அம்மம்மாவோடு இருப்பீர்கள் என்று எண்ணித்தான் 35ஐ முதலில் வைத்தேன்.

வாங்கும்போது சில விஷயங்கள். 50 என்றாலும் 35 என்றாலும் பெயரில் ‘ஏஎஃப்-எஸ்’ என்று இருக்க வேண்டும். போகஸை ஓட்டுகிற மோட்டார் டி3500 உடம்பில் இல்லை. பழைய ‘டி’ வகை 50 மலிவாகக் கிடைக்கும், பூட்டவும் செய்யும், ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கையால் திருப்ப வேண்டும். ‘இசட்’ என்று பெயர் தொடங்கும் புதிய லென்ஸ்கள் உங்கள் கமராவில் பூட்டவே முடியாது. ‘ஏஎஃப்-பி’ 70–300இல் ஒரே தோற்றத்தில் இரண்டு வகை இருக்கின்றன, ஒன்றில் ‘விஆர்’ என்ற எழுத்து இருக்கும், மற்றதில் இருக்காது. விஆர் கை நடுக்கத்தை அடக்கும். அது இல்லாமல் 300இல் கையில் பிடித்து எடுக்க 1/500 வேண்டும், பின்னேர வெளிச்சத்தில் அது கிடைக்காது. பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் லென்ஸின் மேலே உள்ள எழுத்தை வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

பாவித்த லென்ஸ் என்றால் ஒரு டோர்ச் லைட் கொண்டு போங்கள். பின்பக்கத்தால் வெளிச்சத்தை அடித்து முன்பக்கத்தால் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சணம். எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். எனக்கு இது பட்டுத் தெரிந்தது. என் முதல் நல்ல லென்ஸைத் தோல் உறையில் போட்டு, துணியால் சுற்றி, அலுமாரிக்குள் பத்திரமாக வைத்தேன். ஒரு மாரி முழுக்க எடுக்கவில்லை. தைப் பொங்கலுக்கு எடுத்தபோது கண்ணாடிக்குள் வெள்ளை நூல் ஓடியிருந்தது. தோலும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த லென்ஸை இன்றைக்கும் எறியவில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒன்று வாங்குங்கள். ஈரப்பதன் 40க்கும் 50 வீதத்துக்கும் இடையில் நிற்கட்டும். அரிசி போட வேண்டாம், அதன் மா உள்ளே போகும். கடற்கரையில் லென்ஸ் மாற்றவும் வேண்டாம், வீட்டிலேயே ஒன்றைப் பூட்டிக்கொண்டு போங்கள்.

காசைக் கொடுக்க முன் ஒரு கிழமை பொறுங்கள். உங்கள் 18–55ஐ 35க்குத் திருப்பி, வளையத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். வீட்டிலும் கோட்டையிலும் கரையிலும் அதோடு மட்டும் எடுங்கள். கிட்ட வேண்டுமென்றால் நடங்கள், அகலம் வேண்டுமென்றால் பின்னால் போங்கள். ஏழு நாள் முடிந்தும் ‘இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட’ என்று கை தவித்துக்கொண்டே இருந்தால் எனக்கு எழுதுங்கள். அப்போது 70–300ஐ முதலாவதாக வைத்துக் கதைப்போம்.